உழைக்காமல் வரும் வருமானத்துக்கு என்ன நியாயம்? சொத்தின் சமூகக் கடமை பற்றி ஒரு இழை

மேழி எழுதியது:

முதலாளித்துவம் பற்றிப் பேச்சு எடுத்தாலே அது இரண்டே இரண்டு முனைக்குப் போய் நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் "சொத்துரிமை புனிதம், தொடாதே". இன்னொரு பக்கம் "சொத்தே திருட்டு". இந்த இரண்டாவதைச் சொன்ன பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோனே (1840) பிற்காலத்தில், அரசின் பலத்துக்கு எதிரே தனிமனிதன் ஊன்றி நிற்க உள்ள ஒரே இடம் சொத்துதான் என்கிற அளவுக்குப் போனார். அந்த எழுத்து அவர் இறந்த பிறகு 1866இல் வெளிவந்தது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

எனக்கு இந்த இரண்டையும் விட உபயோகமாகப் படுவது ஆங்கிலேயப் பொருளாதார வரலாற்றாளர் ஆர்.எச். டானி 1920 வாக்கில் வைத்த கேள்வி. உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. உன்னிடம் இருப்பது என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். உழவன் கையிலுள்ள நிலம், தச்சன் கையிலுள்ள கருவி, குடியிருக்கிற வீடு எல்லாம் ஒரு வேலையோடு ஒட்டிய சொத்து. எந்த வேலையோடும் ஒட்டாமல், மற்றவர் உழைப்பிலிருந்து ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமையாக மட்டும் இருக்கும் சொத்து வேறு வகை. அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று பிரிட்டனின் நிலக்கரி. பூமிக்கு அடியில் இருக்கும் கரிக்கு மேலே நிலம் வைத்திருந்தவர்களுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று உரிமத்தொகை போனது. அவர்கள் தோண்டவில்லை, முதல் போடவில்லை, சுரங்கம் இடிந்தால் உள்ளே சிக்கப்போவதும் அவர்கள் இல்லை. 1919இல் நிலக்கரித் தொழில் பற்றி அரசு அமைத்த சாங்கி ஆணையம் விசாரித்தபோது (டானியும் அதில் உறுப்பினர்) சுரங்கத் தொழிலாளர் தலைவர் ராபர்ட் ஸ்மில்லி பிரபுக்களையே கூண்டில் ஏற்றி, இந்த உரிமை உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். பல நூற்றாண்டுக்கு முன் அரசன் கொடுத்தது என்பதைத் தாண்டிச் சொல்ல அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

என் கட்சி இதுதான்: முதலாளித்துவத்தின் மீதான ஒழுக்க விமர்சனம் "பணக்காரன் கெட்டவன்" என்பதில் இல்லை, வேலையிலிருந்து கழன்றுபோன சொத்துக்கும் வேலையோடு இருக்கும் சொத்துக்கும் ஒரே மரியாதையை அது கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. வெட்டலாம், ஒட்டலாம், பேசுங்கள்.

கணக்கன் எழுதியது:

மேழி, நல்ல தொடக்கம். ஆனால் "வேலை செய்யவில்லை" என்று யார் முடிவு செய்வது? வெளியிலிருந்து பார்க்க ஒருவர் சும்மா உட்கார்ந்து வாடகை வாங்குவதுபோல இருக்கும். உள்ளே பார்த்தால் அவர் செலவழிக்காமல் சேர்த்த பணம் அங்கே நிற்கிறது, நட்டம் வந்தால் அவர் தலையில். இடரைத் தாங்குவதும் வேலைதான்.

அப்புறம் பொருளாதார அறிஞர் ஹாயக் 1945இல் சொன்னது. எந்த நிலம் எதற்கு உகந்தது, எந்த இயந்திரம் எங்கே போனால் பயன் என்கிற அறிவு ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் யாரிடமும் மொத்தமாக இல்லை, லட்சக்கணக்கான பேரிடம் சிதறிக்கிடக்கிறது, விலை என்பது அதைத் திரட்டும் வழி. சொத்துக்கு உரியவன் என்று ஒருவன் இல்லையென்றால் அந்த விலையும் இல்லை. "சமூகப் பயன் என்ன" என்று ஒவ்வொரு சொத்தையும் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தால், கேட்கிற நாற்காலியில் யார் உட்கார்வார் என்பதற்குத்தான் அடுத்த சண்டை வரும். அந்த நாற்காலி வரலாற்றில் யாரிடம் போய் முடிந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விளக்குமாறு எழுதியது:

சேர்த்த பணம், தாங்கிய இடர் எல்லாம் சரி ஐயா. முதலில் எப்படி வந்தது என்ற இடத்தை மட்டும் எல்லோரும் ஓடிக் கடந்துவிடுகிறீர்கள்.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சொத்துரிமைக்காரர்கள் எல்லோரும் அவர் வாசலில்தான் போய் நிற்கிறார்கள். பொதுவில் கிடப்பதோடு என் உழைப்பைக் கலந்தால் அது என்னுடையது. மற்றவருக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும். எடுத்தது கெட்டுப்போகும் அளவுக்கு எடுக்கக் கூடாது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது பாருங்கள்: என் குதிரை மேய்ந்த புல், என் வேலைக்காரன் வெட்டிய புல்மண் கட்டி, நான் தோண்டிய தாது, மூன்றும் என் சொத்து என்கிறார். வெட்டியது வேலைக்காரன்! உழைப்பைக் கலந்தவன் அவன். சொத்து எப்படி எஜமானுக்குப் போயிற்று? குதிரையும் வேலைக்காரனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், யாரும் திடுக்கிடவில்லை. முதலாளித்துவத்தின் முழுக் கதையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். போதாக்குறைக்கு இதை எழுதியவர் அடிமை வாணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர்.

கெட்டுப்போகக் கூடாது என்ற நிபந்தனையையும் அவரே தளர்த்திவிடுகிறார். பணம் வந்தபிறகு? பொன்னும் வெள்ளியும் அழுகாது, ஆகவே எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். மனிதர்கள் பணத்தை ஏற்றுக்கொண்டதால் சமமில்லாத உடைமைக்கும் ஒப்புக்கொண்டதாகிவிட்டது என்கிறார். யாரிடம் கையெழுத்து வாங்கினார்களோ தெரியவில்லை.

சும்மாஒருத்தன் எழுதியது:

எனக்கு ஒரே சந்தேகம். புரட்சி வந்தால் என் மிதிவண்டியை எடுத்துக்கொள்வீர்களா மாட்டீர்களா? அதைச் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

விளக்குமாறு எழுதியது:

உங்கள் மிதிவண்டி யாருக்கும் வேண்டாம். மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய 1848 கம்யூனிஸ்ட் அறிக்கையிலேயே தெளிவாக இருக்கிறது, பொதுவாகச் சொத்தை ஒழிப்பது பேச்சில்லை, முதலாளிய உடைமையை ஒழிப்பதுதான் பேச்சு. நீங்கள் ஓட்டும் வண்டி ஒரு சங்கதி. நூறு வண்டி வைத்துக்கொண்டு, வண்டி இல்லாதவன் நாள் கூலியில் பாதியை வாங்குவது வேறு சங்கதி.

ஏழாம்பக்கம் எழுதியது:

எல்லோரும் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே தொடங்குகிறீர்கள். இந்தக் கேள்வி அதைவிடப் பழையது, பழைய பதில்கள் சில இன்றைய இடதுசாரிகளைவிடக் கடுமையானவை.

கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இரண்டாகப் பிரித்தார். பொருளைத் தேடவும் நிர்வகிக்கவும் தனியுடைமை இருக்கலாம், ஏனென்றால் எல்லோருடையதும் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள், தகராறும் வரும். இது கணக்கன் சொல்வதேதான். ஆனால் பயன்பாட்டில் அந்தப் பொருளைப் பொதுவானதாகக் கருத வேண்டும், தேவைப்படுகிறவருக்கு உடனே கொடுக்கும் மனத்தோடு. அதோடு நிற்கவில்லை. உயிர்போகும் நெருக்கடியில் ஒருவன் இன்னொருவன் பொருளை எடுத்தால், வெளிப்படையாக எடுத்தாலும் மறைவாக எடுத்தாலும், அது திருட்டே ஆகாது என்கிறார். மன்னிக்கத்தக்க திருட்டு என்றுகூடச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

பைபிளின் லேவியராகமம் 25இல் ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். நிலத்தை நிரந்தரமாக விற்க முடியாது, ஏனென்றால் நிலம் கடவுளுடையது, நீங்கள் குடியிருப்போர் மட்டுமே. இஸ்லாத்தில் ஜகாத் பிச்சை அல்ல, செல்வத்தின் மீது ஏழைக்கு உள்ள உரிமை. சேமித்து வைத்த பணத்துக்கு இரண்டரை விழுக்காடு. 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ தனியுடைமையை இயற்கை உரிமை என்று சோசலிஸ்டுகளுக்கு எதிராக எழுதினார், அதே கடிதத்தில் கூலி என்பது தொழிலாளி கண்ணியமாக வாழும் அளவுக்கு இருக்க வேண்டும், அவன் ஒப்புக்கொண்டான் என்பதாலேயே குறைந்த கூலி நியாயமாகிவிடாது என்றும் எழுதினார். 1967இல் போப் ஆறாம் பவுல் இன்னும் ஒரு படி: தனியுடைமை யாருக்கும் நிபந்தனையற்ற முழு உரிமை அல்ல.

இவர்களெல்லாம் பத்திரம் யார் பேரில் என்பதைப் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. வைத்திருப்பவன் பேரில் என்ன கடன் நிற்கிறது என்று பார்த்தார்கள்.

கணக்கன் எழுதியது:

மதிக்கிறேன், ஆனால் அது உபதேசம். மனச்சாட்சி உள்ளவன் கேட்பான். மனச்சாட்சி இல்லாதவனை என்ன செய்வது? சட்டமாக்கினால் மறுபடி அந்த நாற்காலி.

நெடுஞ்சாலை எழுதியது:

சட்டமாக்கியே பார்த்திருக்கிறார்கள், அதனால் கற்பனையில் பேச வேண்டாம். சட்டம் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லியோன் துகி என்ற பிரெஞ்சு சட்டப் பேராசிரியர் 1911இல் புவனோஸ் ஐரிஸில் சொற்பொழிவு ஆற்றினார். சொத்து என்பது உரியவனின் உரிமை என்பதைவிட அவனுடைய சமூகப் பணி, அதைச் செய்யும் வரைதான் அவனுக்குப் பாதுகாப்பு என்பது அவர் வாதம். லத்தீன் அமெரிக்காவில் அது நன்றாக வேர்விட்டது. மெக்சிகோவின் 1917 அரசமைப்பில் 27ஆம் பிரிவு நிலமும் நீரும் மூலத்தில் தேசத்துக்கு உரியவை என்றது. ஜெர்மனியில் 1919 வைமார் அரசமைப்பின் 153ஆம் பிரிவு, சொத்து கடமையையும் சுமத்துகிறது, அதன் பயன்பாடு பொதுநலனுக்கும் உதவ வேண்டும் என்றது. இன்றைய அரசமைப்பான 1949 அடிப்படைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் அதே கருத்து இன்றும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே ஜெர்மனி முதலாளித்துவ நாடாக ஓகோவென்று இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாற்காலி வந்தால் எல்லாம் முடிந்தது என்ற பயத்துக்கு அது ஒரு பதில்.

எல்லாவற்றையும்விட விவரமானது பிரேசில், 1988. 5ஆம் பிரிவு சொத்துரிமையை உறுதி செய்கிறது, கையோடு அது சமூகப் பணியை நிறைவேற்ற வேண்டும் என்கிறது. கிராமப்புற நிலத்துக்கு அந்தப் பணி என்ன என்று 186ஆம் பிரிவு பட்டியலே போடுகிறது: நிலத்தை அறிவோடு, போதிய அளவு பயன்படுத்துவது; இயற்கை வளத்தைக் காப்பது; தொழிலாளர் சட்டங்களை மதிப்பது; உரியவர், உழைப்பவர் இருவர் நலனும் பேணப்படுவது. நிறைவேற்றாத நிலத்தை நிலச் சீர்திருத்தத்துக்காக அரசு எடுக்கலாம், நிலத்துக்கு ஈடு 20 ஆண்டுவரை நீளும் கடன் பத்திரங்களில். நகர்ப்புறத்தில் சும்மா போட்டுவைத்த மனைக்கு முதலில் கட்டச் சொல்லி உத்தரவு, பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏறும் வரி, அதற்கும் அசையவில்லை என்றால்தான் கையகப்படுத்தல். அதாவது நாற்காலியில் உட்கார்பவர் இஷ்டத்துக்கு ஆட முடியாது, படிப்படியாகத்தான் போக முடியும்.

ஆனால் ஓட்டை எங்கே தெரியுமா? 185ஆம் பிரிவு. "உற்பத்தி செய்கிற" நிலத்தை நிலச் சீர்திருத்தத்துக்கு எடுக்கக் கூடாது என்கிறது. 186இல் நான்கு நிபந்தனை போட்டுவிட்டு, அதில் ஒன்றை மட்டும் நிறைவேற்றுகிறவனுக்கு 185இல் கவசம் கொடுத்தாயிற்று. காட்டை அழித்து, ஆட்களை வதைத்து, மகசூல் மட்டும் காட்டினால் தப்பிக்கலாமா என்று, 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை, சட்டக்காரர்கள் பல வருடமாக மல்லுக்கட்டினார்கள். 2014இல் ஒரு திருத்தம் வந்தது: அடிமை வேலை நடக்கும் நிலத்தை ஈடே இல்லாமல் பறிக்கலாம். அது வர 2014 ஆகியிருக்கிறது!

விளக்குமாறு எழுதியது:

நெடுஞ்சாலை, அந்த 185 பற்றிச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு டானியிடமும் துகியிடமும் உள்ள உறுத்தல். "பணி", "பயன்" என்று ஒரு அளவுகோலை நட்டால், அதை மூலதனம் தன் மொழியில் நிரப்பிக்கொள்கிறது. பயன் என்றால் மகசூல், மகசூல் என்றால் ஏற்றுமதி. அப்புறம் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவன்தான் நிலத்தை வீணடிப்பவன் ஆகிவிடுகிறான். லாக்கே அப்படித்தான் எழுதினார், அமெரிக்கப் பழங்குடிகள் பண்படுத்தாத நிலம் வீண் நிலம் என்று. அந்த வாதத்தின் பேரில் பறிபோனது ஒரு கண்டம். சமூகப் பயன் என்ற கத்தி எந்தப் பக்கமும் வெட்டும்.

மேழி எழுதியது:

இந்த இடம் முக்கியம். பயனை யார் வரையறுக்கிறார்கள் என்பது கணக்கனின் பயம், விளக்குமாறின் பயமும் அதேதான், திசை மட்டும் வேறு. நான் இதை வேறு பக்கத்திலிருந்து நெருங்கிப் பார்க்கிறேன்.

காப்புரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். அது சொத்து, விற்கலாம், வாடகைக்கு விடலாம், வழக்குப் போடலாம். ஆனால் அது ஏன் இருக்கிறது? புதிது கண்டுபிடிக்க ஊக்கம் வேண்டும், கண்டுபிடித்ததை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்பதற்காக. அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவு என்று கருதி 20 ஆண்டு. முடிந்ததும் எல்லோருக்கும். அவசரமென்றால் அதற்கு முன்பே, காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே மற்றவர் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் கொடுக்கலாம், உலக வர்த்தக அமைப்பின் 2001 தோகா பிரகடனம் அதை உறுதிப்படுத்தியது. அந்த வருடம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எய்ட்ஸ் மருந்துக் கூட்டு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றது. இந்திய மருந்து நிறுவனமான சிப்லா அதை 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. அதே ஆண்டு ஏப்ரலில் மலிவு மருந்துக்கு வழிசெய்யும் சட்டத்தை எதிர்த்துத் தென்னாப்பிரிக்க அரசின் மீது மருந்து நிறுவனங்கள் போட்டிருந்த வழக்கை உலகமே காறித் துப்பியதால் திரும்பப் பெற்றார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களோ 1923இல் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள்.

நான் சொல்ல வருவது: காப்புரிமைக்குக் காலவரம்பு உண்டு என்பதை யாரும் கம்யூனிசம் என்று சொல்வதில்லை. ஒரு சொத்துக்கு நோக்கம் எழுதி, எல்லை கட்டி, முடிவுத் தேதி போட்டு, அதுவும் முதலாளித்துவத்துக்கு உள்ளேயே நடத்துகிறோம். ஒருவன் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்ததற்கு 20 ஆண்டு, எவரும் உண்டாக்காத நிலத்துக்கு மட்டும் எல்லையில்லாக் காலமா? தலைகீழாக இல்லையா?

கணக்கன் எழுதியது:

கெட்டிக்காரத்தனமான ஒப்பீடு, ஆனால் ஒரு இடத்தில் உதைக்கிறது. ஒரு சூத்திரத்தை நானும் நீங்களும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம், யாருக்கும் குறையாது. அதனால்தான் காலம் முடிந்ததும் திறந்துவிடலாம். ஒரு காணி நிலத்தில் நீங்கள் தென்னை வைத்தால் நான் நெல் நட முடியாது. யாராவது ஒருவர் வைத்திருந்தே ஆக வேண்டும். 20 ஆண்டில் கைமாறும் என்றால் 19ஆம் ஆண்டில் எவன் மண்ணுக்கு எரு போடுவான்?

ஆனால் உங்களுக்கு ஒரு பாதி வழி வருகிறேன். நிலத்தை வைத்திருக்கும் உரிமை உறுதியாக இருக்கட்டும். அதன் மேல் கட்டியது, நட்டது, திருத்தியது எல்லாம் அவனுடையது. வெறும் இடத்தின் மதிப்பு, சுற்றி ஊர் வளர்ந்ததால் ஏறியது, அதற்கு மட்டும் வரி. அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ் 1879இல் சொன்னதுதான். தடையற்ற சந்தையை ஆதரித்த பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மனே, வரிகளில் மோசம் குறைந்தது இதுதான் என்று சொல்லியிருக்கிறார். நிலத்துக்கு வரி போட்டால் நிலம் சுருங்காது, ஓடியும் போகாது. பயன் என்ன என்று எந்த அதிகாரியும் கேட்க வேண்டாம். சும்மா வைத்திருப்பவனுக்குத் தானாகவே கையைக் கடிக்கும்.

ஏழாம்பக்கம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் பங்கு பிரிப்பதிலேயே நிற்கிறீர்கள். எவ்வளவு நியாயமாகப் பிரித்தாலும் இன்னொரு புகார் மிச்சமிருக்கிறது: எல்லாவற்றையும் விலையாக்கும் பழக்கம் மனிதரை என்ன செய்கிறது?

இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஒரு ஆய்வு, 2000இல் வெளியானது. பிள்ளையைக் கூப்பிடத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடிவிட்டது. முன்பு ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், இப்போது காசு கொடுக்கிறோமே என்று நிதானமாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. கணக்கன், உங்கள் நிலவரி வந்தாலும் "வரி கட்டிவிட்டேன், இனி என்னைக் கேட்காதே" என்று ஒருவன் சொல்வான். கடமை கட்டணமாக மாறியதும் அதன் கூர்மை போய்விடுகிறது.

கணக்கன் எழுதியது:

பசித்தவனுக்கு யார் கூச்சத்தோடு கொடுத்தார், யார் கட்டணமாகக் கொடுத்தார் என்பது இரண்டாம் பட்சம். கூச்சத்தை நம்பி இருந்த காலத்தில் பட்டினி குறையவில்லை.

விளக்குமாறு எழுதியது:

முதல்முறையாகக் கணக்கனோடு ஒத்துப்போகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்!

ஆனால் நிலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இன்று பெரிய செல்வம் நிலத்தில் மட்டும் இல்லை, பங்குகளில் இருக்கிறது. மேழியின் காப்புரிமை வாதம் அங்கேதான் இன்னும் பலமாகப் பொருந்துகிறது. வரையறுத்த பொறுப்பு என்பது என்ன? கம்பெனி மூழ்கினால் பங்குதாரர் போட்ட பணத்தை மட்டும் இழந்து தப்பிக்கலாம், கடன்காரன் அவர் வீட்டைத் தொட முடியாது. இது இயற்கை உரிமையா? பிரிட்டனில் பொதுவான சட்டமாக 1855இல் வந்த சலுகை. சலுகை கொடுத்தவர்கள் நிபந்தனை கேட்கக் கூடாதா? ஃபிரீட்மன் 1970இல் தொழில் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவது மட்டுமே, பங்குதாரர்தான் சொந்தக்காரர் என்று எழுதினார். நட்டத்தின் வால்பகுதியை ஊர் தலையில் கட்டிவிட்ட சொந்தக்காரர் எப்படிப்பட்ட சொந்தக்காரர்?

சும்மாஒருத்தன் எழுதியது:

மிதிவண்டி தப்பித்தது, அது போதும். ஆனால் ஒன்று கேட்கிறேன், நேற்றுதான் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, சட்டப்படி, முழு விலை கொடுத்து ஒரு மனை வாங்கியவன் இருக்கிறான். நாளைக்கு நீங்கள் "இடத்தின் மதிப்பு சமூகத்துடையது" என்று சட்டம் போட்டால் அவன் கதி? அரசன் கொடுத்த பிரபுவும் அவனும் ஒன்றா?

நெடுஞ்சாலை எழுதியது:

இழையிலேயே கடினமான கேள்வியைச் சும்மா வந்தவர் கேட்டுவிட்டார்.

ஈடு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். பிரிட்டன் 1938இல் அந்த நிலக்கரி உரிமத்தொகை உரிமையை நாட்டுடைமையாக்கியது, உரியவர்களுக்கு 6 கோடியே 64 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு ஈடாகக் கொடுத்து. எதுவும் செய்யாதவருக்கு, இனி எதுவும் செய்ய வேண்டாம் என்பதற்கான விலை. இன்னும் கசப்பானது 1833. அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், அடிமைகளின் எஜமானர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசு இல்லை, மேலும் சில ஆண்டு சம்பளமில்லாமல் உழைக்கவும் வைத்தார்கள். அந்த ஈட்டுக்காக வாங்கிய கடன் பின்னால் வேறு கடன்களோடு சேர்ந்து 2015இல்தான் முழுதாகத் தீர்ந்தது. சொத்தின் எதிர்பார்ப்பைச் சட்டம் இவ்வளவு பயபக்தியோடு காப்பாற்றும், உழைப்பின் எதிர்பார்ப்பைக் காப்பாற்றாது.

ஈடே கொடுக்காவிட்டால் சும்மாஒருத்தன் சொன்ன ஆள் மாட்டுகிறான். இதற்கு 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரு வழி சொன்னார்: இன்றைய மதிப்பை அப்படியே விட்டுவிடு, இன்றிலிருந்து உழைக்காமல் ஏறும் மதிப்புக்கு மட்டும் வரி போடு. நேற்று வாங்கியவன் கொடுத்த விலை பத்திரமாக இருக்கும்.

கணக்கன் எழுதியது:

அதைச் செய்தும் பார்த்தார்கள். 1909இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் வரவுசெலவுத் திட்டத்தில் ஏறிய மதிப்புக்கு 20 விழுக்காடு. அதற்காகவே இரண்டு தேர்தல், பிரபுக்கள் சபையின் அதிகாரக் குறைப்பு, அவ்வளவு ரகளை. நாடு முழுக்க ஒவ்வொரு துண்டு நிலத்தையும் மதிப்பிட வேண்டியிருந்தது, வழக்குகள் குவிந்தன, வந்த வரியைவிட மதிப்பீட்டுச் செலவு கூடிவிட்டது, 1920இல் கைவிட்டார்கள். கொள்கை சரி, நடைமுறையில் படுத்தது.

மேழி எழுதியது:

பிரிட்டனில் படுத்தது. டென்மார்க் 1920களிலிருந்து நிலத்தின் மதிப்புக்குத் தனியாக வரி வாங்குகிறது. எஸ்தோனியா 1993இலிருந்து கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்துக்கு மட்டும் வாங்குகிறது. மதிப்பிட முடியாது என்ற சாக்கை நான் ஏற்கவில்லை. அடமானம் வைக்கப் போனால் அதே துண்டு நிலத்தை வங்கி எத்தனை நாளில் மதிப்பிட்டுத் தருகிறது?

விளக்குமாறு பங்குகளைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கணக்கன், வரையறுத்த பொறுப்பு ஒரு சலுகைதான் என்று ஒப்புக்கொள்கிறீர்களா, இல்லையா? ஒப்புக்கொண்டால் அதற்கு என்ன நிபந்தனை போடலாம் என்று அடுத்ததாகப் பேசுவோம்.